எபிசோட் 37: ஜவ்வு கிழிஞ்சிடுச்சு, ஆபரேஷன் எப்போ?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த "ஆக்சுவலி"களையும், பின்னணியில் கேட்ட பஸ் ஹாரனையும் எடுத்துவிட்டு, மற்றபடி பேசியது பேசியபடியே.)

போன எபிசோட் போட்ட மறுநாள் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. காரைக்கால் கிளிஞ்சல்மேட்டுல இருந்து ஒரு தம்பி, வயசு 22. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்.

"அண்ணா, பொங்கலுக்கு கபடி ஆடுறப்ப முட்டி திரும்பிடுச்சு. ஸ்கேன் எடுத்தோம், ஏசிஎல் முழுசா கிழிஞ்சிருக்குன்னு ரிப்போர்ட். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் பண்ணணும், இல்லன்னா ஜவ்வு தேஞ்சிடும்கிறார். இன்னொருத்தர் மூணு மாசம் ஃபிசியோ பண்ணிப் பாருங்கிறார். நான் அப்பாகூட போட்டுக்குப் போறவன். ஏப்ரல் 15 தடைக்காலம் ஆரம்பிக்குது. அதுல ஆபரேஷனை முடிச்சுட்டு ஜூன் மாசம் கடலுக்குப் போயிடலாமா? இல்ல, அதுவரைக்கும் வெயிட் பண்ணாலே முட்டி கெட்டுடுமா?"

ரொம்ப நல்ல கேள்வி. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. கோடு எழுதிப் பிழைக்கிறவன். ஆனா இதே ஏசிஎல் எனக்கும் கிழிஞ்சது, காலேஜ் கடைசி வருஷத்துல. அதை நான் கையாண்ட விதம் தப்பு. அதனால இந்த விஷயத்தைக் கொஞ்சம் அதிகமாகவே படிச்சிருக்கேன்.

தம்பியோட மெசேஜ்லயே ஒரு சிக்கல் இருக்கு, கவனிச்சீங்களா? "ஜவ்வு கிழிஞ்சிடுச்சு", "ஜவ்வு தேஞ்சிடும்". நம்ம ஊர்ல முட்டிக்குள்ள எலும்பைத் தவிர இருக்கிற எல்லாத்துக்கும் ஒரே பேரு, ஜவ்வு. பாட்டிக்கு ஜவ்வு தேஞ்சிடுச்சு, பேரனுக்கு ஜவ்வு கிழிஞ்சிடுச்சு. ஆனா அது மூணு வேற வேற சாமான்.

முதல்ல லிகமெண்ட். இது கயிறு. தொடை எலும்பையும் கணுக்கால் பக்கம் போற கெண்டைக்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு. ஏசிஎல் முட்டிக்கு நடுவுல குறுக்காப் போகுது. கீழ் எலும்பு முன்னாடி நழுவாம, திரும்பும்போது முறுக்கிக்காம பிடிச்சுக்கிறது இதோட வேலை. ரெண்டாவது மெனிஸ்கஸ். பிறை வடிவத்துல ரெண்டு மெத்தை, உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணு. உடம்பு எடையை வாங்கிப் பரப்பிவிடுறது அதுதான். மூணாவது குருத்தெலும்பு. இதை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. சிக்கன் லெக் பீஸைக் கடிச்சு முடிச்சதும் எலும்பு நுனியில வெள்ளையா, நீலம் கலந்த மாதிரி, வழவழன்னு ஒரு தொப்பி இருக்குமே, அதேதான். நம்ம முட்டியில அது சில மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும்.

இந்த மூணுல கயிறு அறுந்தா புதுசு கட்டலாம். மெத்தை கிழிஞ்சா, கிழிஞ்ச இடத்தைப் பொறுத்துத் தைக்கலாம்: வெளி ஓரத்துல ரத்த ஓட்டம் இருக்கு, அங்க தையல் பிடிக்கும், உள் ஓரத்துல ரத்த ஓட்டம் கிடையாது, பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கணும். குருத்தெலும்புல ரத்தக் குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. நாம நடக்கும்போது அமுங்கி விரிஞ்சு, ஸ்பாஞ்சு மாதிரி மூட்டுத் திரவத்துல இருந்துதான் சாப்பாடு எடுத்துக்குது. அதனால ஒரு தடவை உரிஞ்சா பழைய மாதிரி வளராது. நரம்பு இல்லாததால, உரியும்போது வலிக்கவும் வலிக்காது. வலி வர்றதுக்குள்ள நிறைய போயிருக்கும்.

ஆக, "ஆபரேஷனைத் தள்ளிப்போட்டா ஜவ்வு தேயுமா"ன்னு தம்பி கேட்கிறது, கயிறு அறுந்த முட்டியில மெத்தையும் வழவழப்பும் எவ்வளவு நாள் தாங்கும்ங்கிற கேள்வி.

என் கதையைச் சொல்றேன். ஃபுட்பால். யாரும் என்னை இடிக்கல. நானே ஓடி, நானே திரும்பி, நானே விழுந்தேன். உள்ள "டப்"னு ஒரு சத்தம். ரெண்டு மணி நேரத்துல முட்டி பலாக்காய் மாதிரி வீங்கிடுச்சு. பார்த்த இடத்துல "சின்ன வயசு, தானா சேர்ந்துடும்"னாங்க. வீட்டுல புத்தூர் கட்டு போடலாம்னு பேச்சு வந்தது. மூணு வாரத்துல வீக்கம் வடிஞ்சு, சாதாரணமா நடந்தேன். சரியாயிடுச்சுன்னு நினைச்சேன். இங்கதான் ஏசிஎல் ஏமாத்தும். நேரா நடக்க, மாடி ஏற, பைக் ஓட்ட அது பெருசா தேவைப்படாது. திரும்பும்போதுதான் தேவைப்படும்.

எட்டு மாசம் கழிச்சு மறுபடி ஆடப் போனேன். முட்டி நழுவுச்சு. வீங்குச்சு, ஒரு வாரத்துல வடிஞ்சுது. மறுபடி போனேன். பஸ்ல இருந்து இறங்கும்போது ஒரு தடவை. ஆபீஸ் டூர்ல அருவிப் பாறையில ஒரு தடவை. ப்ரொடக்‌ஷன்ல பக் இருக்குன்னு தெரிஞ்சும், சர்வரை ரீஸ்டார்ட் பண்ணா ஓடுதேன்னு விட்டுவெச்ச மாதிரி. கடைசியா ஒரு நாள் காலையில முட்டி மடங்கின நிலையிலயே பூட்டிக்கிச்சு, நீட்டவே முடியல. மெனிஸ்கஸ் நீளவாக்குல கிழிஞ்சு, அந்தத் துண்டு மூட்டு நடுவுல வந்து மாட்டிக்கிட்டு இருந்தது. ஆபரேஷன்ல ஏசிஎல்லைப் புதுசா கட்டினாங்க. மெனிஸ்கஸைத் தைக்க முடியல, ஒரு பகுதியை வெட்டி எடுத்தாங்க. அப்புறம் சர்ஜன் அந்த கேமரா வீடியோவைப் போட்டுக் காட்டினார். வழவழன்னு இருக்க வேண்டிய இடத்துல ஒரு திட்டு, துவைச்சுத் துவைச்சு நூல் எழும்பின துணி மாதிரி இருந்தது. "இது முதல் நாள் வந்தது இல்லப்பா, இது அப்புறம் வந்தது"ன்னார். எனக்கு அப்போ 24 வயசு.

இதைக் கேட்டுட்டு, "அப்போ உடனே ஆபரேஷன் பண்ணியிருக்கணும், அதானே"ன்னு தோணும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோணுச்சு. படிக்கப் படிக்கத்தான் விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லைன்னு தெரிஞ்சுது.

முதல்ல, ரொம்ப சீக்கிரம் பண்றதுலயும் ஆபத்து இருக்கு. 1991லயே அமெரிக்காவில ஷெல்போர்ன்ங்கிற சர்ஜன் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. அடிபட்ட முதல் வாரத்துலயே ஆபரேஷன் பண்ணவங்களுக்கு, மூணு வாரம் கழிச்சுப் பண்ணவங்களை விட முட்டி இறுகிப்போறது அதிகமா இருந்தது. வீங்கி சூடா இருக்கிற முட்டியில கத்தி வெச்சா, உள்ள தழும்புத் திசு கண்டபடி வளர்ந்து மூட்டு மடங்காம, நீட்டாம போயிடும். அதனால வீக்கம் வடியணும், முட்டி முழுசா நீளணும், தொடைத் தசை முழிச்சுக்கணும், அதுக்கப்புறம்தான்னு பல சர்ஜன்கள் சொல்றாங்க. "இன்னைக்கே அட்மிட் ஆகு"ன்னு யாராவது அவசரப்படுத்தினா, ஏன்னு கேளுங்க. காரணம் இருக்கலாம், ஆனா கேளுங்க.

அடுத்தது, காத்திருக்கிறதைப் பத்தி. ஸ்வீடன்ல 121 பேரை வெச்சு ஒரு ஆய்வு, பேரு கேனான், 2010ல வந்தது. எல்லாரும் 18லிருந்து 35 வயசு, சுறுசுறுப்பா ஆடுறவங்க, ஆனா தொழில்முறை வீரர்கள் கிடையாது. குலுக்கல் முறையில ஒரு பாதிக்கு பத்து வாரத்துக்குள்ள ஆபரேஷன், கூடவே ஃபிசியோ. இன்னொரு பாதிக்கு முதல்ல ஃபிசியோ மட்டும், முட்டி நிக்கலைன்னா பிறகு ஆபரேஷன். ரெண்டு வருஷம் கழிச்சு வலி, நடமாட்டம், விளையாட்டு எல்லாம் கேட்டுப் பார்த்தா, ரெண்டு குழுவுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லை. அஞ்சு வருஷம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தப்பவும் அப்படித்தான். காத்திருந்த குழுவுல அந்த அஞ்சு வருஷத்துல ஏறக்குறைய பாதிப் பேர் ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. மீதிப் பாதிக்கு அது தேவைப்படவே இல்லை. நெதர்லாந்துல 167 பேரை வெச்சு 2021ல வந்த ஆய்வுலயும் காத்திருந்தவங்கள்ல பாதிப் பேர்தான் ஆபரேஷனுக்கு வந்தாங்க. சீக்கிரம் பண்ணவங்க மார்க் கொஞ்சம் கூட இருந்தது, ஆனா அந்த வித்தியாசம் வாழ்க்கையில தெரியுமாங்கிறது சந்தேகம்தான்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. 2022ல பிரிட்டன்ல 316 பேரை வெச்சு வந்த ஆய்வுல, அடிபட்டுப் பல மாசம் கடந்து, முட்டி நழுவிக்கிட்டே இருந்தவங்களைச் சேர்த்தாங்க. அவங்கள்ல ஆபரேஷன் பண்ணவங்க தெளிவாவே நல்லா இருந்தாங்க. நார்வேல ஆபரேஷன் பதிவேட்டை வெச்சு 2009ல எழுதின கட்டுரைல, ஆபரேஷன் தள்ளிப்போற ஒவ்வொரு மாசத்துக்கும் பெரியவங்க முட்டியில குருத்தெலும்புச் சேதம் இருக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட ஒரு சதவீதம் கூடுது. மெனிஸ்கஸ் கிழிஞ்சவங்களுக்குக் குருத்தெலும்புச் சேதம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

"மாசத்துக்கு ஒரு சதவீதம்" மாதிரி ஒரு நம்பரைச் சொன்னா யாருக்கும் பயம் வரும். ஆனா டேட்டா பார்க்கிறவனா எனக்கு ஒரு இடறல். அந்தப் பதிவேட்டுல யார் இருக்காங்க? ஆபரேஷன் பண்ணவங்க மட்டும். ஃபிசியோவிலயே சரியாகி வீட்டுக்குப் போனவங்க அதுல வரவே மாட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆபரேஷன் மேஜைக்கு வர்றது யாரு? என்னை மாதிரி ஆளு. ரெண்டு வருஷம் நழுவி, நழுவி, பூட்டிக்கிட்டு வந்தவன். அப்போ சேதம் பண்ணது காலமா, நழுவலா?

நான் படிச்ச வரைக்கும் எனக்குப் புரிஞ்சது இதுதான். காலண்டர் முட்டியைத் தேய்க்கிறதில்லை. நழுவல்தான் தேய்க்குது. ஒவ்வொரு தடவை முட்டி நழுவும்போதும் மேல் எலும்பும் கீழ் எலும்பும் தப்பான இடத்துல மோதி, நடுவுல மெனிஸ்கஸை நசுக்குது. மெத்தை போனா, எடை நேரா குருத்தெலும்பு மேல இறங்குது. மூணு மாசம் ஃபிசியோ பண்ணி, ஒரு தடவை கூட நழுவாம காத்திருந்தவரும், மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தோறும் கபடி ஆடி நாலு தடவை நழுவினவரும், ரெண்டு பேருமே "மூணு மாசம் தாமதம்"தான். முட்டி ஒண்ணு இல்லை.

இதுல ஒரு கசப்பான சங்கதியும் இருக்கு. ஆபரேஷன் பண்ணிட்டா பின்னாடி மூட்டுத் தேய்மானம் வராதுன்னு உத்தரவாதம் கிடையாது. ஸ்வீடன்ல ஏசிஎல் கிழிஞ்ச பெண் கால்பந்து வீரர்களை 12 வருஷம் கழிச்சுப் பார்த்த ஆய்வு 2004ல வந்தது. சராசரி வயசு 31. எக்ஸ்ரே எடுத்தவங்கள்ல 51 சதவீதம் பேருக்கு மூட்டுத் தேய்மானம். அவங்கள்ல அறுபது சதவீதத்துக்கும் மேல ஆபரேஷன் பண்ணவங்க. ஆனா பண்ணவங்க, பண்ணாதவங்கன்னு பார்த்தா, முட்டித் தொந்தரவுல பெரிய வித்தியாசம் இல்லை. ஏன்னா, அந்த "டப்" சத்தம் வந்த நொடியிலேயே ரெண்டு எலும்பும் மோதி குருத்தெலும்பு ஒரு அடி வாங்கிடுது. எம்ஆர்ஐல பெரும்பாலானவங்களுக்கு எலும்பு கன்னிப்போன மாதிரி தெரியறது அந்த அடிதான். அதை எந்த ஆபரேஷனும் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த அடிகளைத் தடுக்கலாம், அவ்வளவுதான்.

சரி, தம்பியோட தடைக்காலக் கணக்குக்கு வருவோம். வெளியூர் நண்பர்களுக்காக: கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. காரைக்காலுக்கும் அதேதான். போட்டுக்காரர் வீட்டுல கல்யாணமோ, வீடு வேலையோ, ஆபரேஷனோ, எல்லாமே அந்த 61 நாளுக்குள்ளதான் திட்டம் போடுவாங்க. கடலுக்குப் போகாத நாள், பங்கு இல்லாத நாள். அதனால தம்பி கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி.

தம்பி, ஏப்ரல் வரைக்கும் காத்திருக்கிறதால மட்டும் முட்டி கெடாது, நழுவாம பார்த்துக்கிட்டா. ஆனா 61 நாள்ல கடலுக்குத் திரும்ப முடியாது. ஏசிஎல் ஆபரேஷன்ங்கிறது அறுந்த கயிறைத் தைக்கிறது இல்லை. தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசையோட நாரையோ, முட்டிச்சிப்பிக்குக் கீழ இருக்கிற நாரையோ எடுத்து, எலும்புல துளை போட்டு, உள்ள கோத்து மாட்டுறாங்க. மாட்டின அன்னைக்கு அது உயிர் இல்லாத நார். உடம்பு அதுக்குள்ள புது ரத்தக் குழாய் விட்டு, மெதுவா லிகமெண்டா மாத்தணும். அப்படி மாத்துற முதல் சில மாசத்துல அந்த நார் பலமாகறதுக்கு முன்னாடி பலவீனமாகும். ஜூன் 15ங்கிறது கிட்டத்தட்ட அந்த நேரம்தான். வலி இருக்காது, நடை நல்லா இருக்கும், நம்பிக்கை வரும், உள்ள இருக்கிறது நைஞ்ச கயிறு. ஆடுற தளத்துல, ஈரத்துல, வலை இழுக்கிற வேகத்துல காலைத் திருப்பி ஊன்றது கபடியை விட மோசம்.

நார்வே, அமெரிக்கா சேர்ந்து பண்ணி 2016ல வந்த ஆய்வுல, ஆபரேஷனுக்கு அப்புறம் விளையாட்டுக்குத் திரும்பறதை ஒன்பதாவது மாசம் வரைக்கும் தள்ளிப்போட்டா, ஒவ்வொரு மாசத்துக்கும் மறுபடி அடிபடறது பாதியா குறைஞ்சது. நீங்க கேன் வில்லியம்சனைக் காட்டலாம். 2023 மார்ச் 31, அகமதாபாத், நம்ம சிஎஸ்கே பேட்டிங், ருதுராஜ் அடிச்ச பந்தை பவுண்டரில பிடிக்க எகிறி ஏசிஎல் போச்சு. ஏப்ரல்ல ஆபரேஷன். அக்டோபர் 13 சேப்பாக்கத்துல உலகக் கோப்பை மேட்ச்ல 78 ரன். ஆறரை மாசம். (அன்னைக்கு முட்டி தாங்கிடுச்சு; கட்டைவிரல்ல பந்து பட்டுத்தான் வெளிய போனார்!) ஆனா அவர் பக்கத்துல ஒரு நாட்டு கிரிக்கெட் வாரியமே ஃபிசியோவோட நின்னுச்சு. உங்க பக்கத்துல நிக்கப் போறது ஒரு ஜெராக்ஸ் பேப்பர், அதுல நாலு எக்ஸர்சைஸ் படம்.

இது எனக்கு உண்மையாவே உறுத்துற இடம். ஸ்வீடன்ல "முதல்ல ஃபிசியோ"ன்னா, ஆள் வெச்சு, மாசக்கணக்குல, தசை பலத்தை அளந்து, பேலன்ஸ் பழக்கி, ஒத்தைக்கால்ல குதிக்க வெச்சுப் பார்க்கிறது. நம்ம ஊர்ல "ஃபிசியோ பண்ணு"ன்னா, பத்து நாள் கரண்ட் வெச்சு ஒத்தடம் கொடுக்கிறதோட முடிஞ்சுடுது. அந்த ஆய்வு முடிவை இந்த ஃபிசியோவுக்குப் பொருத்த முடியாது. அதனால ஃபிசியோவைத் தேர்ந்தெடுத்தா, அதை ஒரு வேலையா எடுத்துச் செய்யணும். தொடையில முன் தசையும் பின் தசையும் நல்ல காலுக்குச் சமமா வரணும். ஒத்தைக்கால்ல நின்னு பழகணும். அதுவரைக்கும் கபடி கிடையாது, ஈரத் தளம் கிடையாது.

ஆபரேஷன் எங்க பண்றதுங்கிறதும் காரைக்கால்காரங்களுக்குத் தனிச் சிக்கல். நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும். ஆனா நம்ம ரேஷன் கார்டு புதுச்சேரி கார்டு, தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடு நமக்குக் கிடையாது. புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். ஆபரேஷனுக்கு ஒரு தடவை போயிடலாம். அதுக்கப்புறம் வாரா வாரம் ஃபிசியோவுக்கு? ஆபரேஷன் செலவைக் கேட்கும்போதே, பின்னாடி ஆறு மாச ஃபிசியோ எங்க, யார்கிட்டங்கிறதையும் சேர்த்துக் கேளுங்க.

காத்திருக்கக் கூடாத ஆட்களும் இருக்காங்க. என்னை மாதிரி முட்டி பூட்டிக்கிட்டு நீட்ட முடியலைன்னா, அது மெனிஸ்கஸ் மாட்டியிருக்கலாம். சீக்கிரம் போனா தைக்க வாய்ப்பு உண்டு. ஏசிஎல்லோட வேற லிகமெண்டும் போயிருந்தா காத்திருக்கிற கணக்கே வேற. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான், அவங்களை ஆடாதேன்னு நிறுத்தி வைக்க முடியாது, மெனிஸ்கஸ் சீக்கிரம் போகும்.

தம்பி இன்னொண்ணும் சொன்னார். "அம்மா பயப்படுறாங்கண்ணா, சென்னையில அந்தப் பொண்ணுக்கு நடந்த மாதிரி ஆயிடுமோன்னு." 2022 நவம்பர்ல 17 வயசு கால்பந்து வீராங்கனை, முட்டி ஆபரேஷனுக்குப் போய், கால் எடுத்து, உயிரும் போச்சு. மறக்கவே முடியாது. அம்மா பயப்படறதுல ஒரு தப்பும் இல்லை. அங்க என்ன நடந்ததுன்னு அரசுத் தரப்பே சொல்லுச்சு: ஆபரேஷனுக்கு அப்புறம் போட்ட அழுத்தக் கட்டால ரத்த ஓட்டம் நின்னுபோச்சு. ரெண்டு டாக்டர்களை சஸ்பெண்ட் பண்ணாங்க. அதனால அம்மாகிட்ட சொல்லுங்க: ஆபரேஷன் முடிஞ்ச ராத்திரி பக்கத்துலயே இருங்க. மருந்துக்கு அடங்காம வலி ஏறிக்கிட்டே போனா, கால் விரல் மரத்துப்போனா, ஜில்லுன்னு ஆனா, நிறம் மாறினா, விரலை அசைக்க முடியலைன்னா, காலை வரைக்கும் காத்திருக்காதீங்க. நர்ஸைக் கூப்பிடுங்க, டாக்டரைக் கூப்பிடுங்க, கட்டைத் தளர்த்தச் சொல்லிச் சத்தம் போடுங்க.

இதையெல்லாம் பதிவு பண்றதுக்கு முன்னாடியே நேத்து தம்பிகிட்ட போன்ல பேசிட்டேன். முட்டி இதுவரைக்கும் எத்தனை தடவை நழுவுச்சுன்னு கேட்டேன். "ஒரே தடவைதான்ணா, மணல்ல." இப்போதைக்கு அவர் முடிவு: தடைக்காலம் முழுக்க ஃபிசியோ, ஜூன்ல டாக்டர்கிட்ட திரும்பப் போறது. அதுக்குள்ள இன்னொரு தடவை நழுவினா ஜூன் வரைக்கும் இழுக்காம ஆபரேஷன். அவருக்குக் கபடியும் வேணும், கடலும் வேணும். அதனால கடைசியில ஆபரேஷன்லதான் போய் நிக்கும்னு என் மனசுக்குப் படுது, அதை அவர்கிட்டயும் சொன்னேன். அப்படின்னா அடுத்த வருஷத் தடைக்காலம் முடிஞ்சுதான் போட்டு. ஒரு வருஷத்துக்கும் மேல. அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் சொன்னார்: "கரையில வலை வேலை இருக்குண்ணா. பங்கு பாதிதான் வரும். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

உங்க கேள்வியையும் வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. முட்டியைப் பத்தித்தான் இருக்கணும்னு இல்லை. அடுத்த வாரம் பார்ப்போம்.